சான்றிதழும் அலகும்: போர்க்கால ஜெர்மானியக் குத்துவாள்களை இனங்காண்பதில் ஒரு மறுவாசிப்பு

ஜெர்மானியத் தரைப்படை அதிகாரிகளின் குத்துவாள் 1935-இல் நடைமுறைக்கு வந்தது. சீருடையின் அணியாக இடுப்பில் தொங்கிய அது போர்க்கருவியாகக் கூர்தீட்டப்படவில்லை. அதிகாரிகள் தம் கைப்பணத்தில் வாங்கிக்கொண்டதால், சோலிங்கன் நகரின் பல நிறுவனங்கள் ஒரே வடிவத்தைத் தத்தம் அச்சுகளில் செய்து விற்றன. பெரும்பாலானவற்றில் தொடர் எண் கிடையாது. தாத்தாவின் பெட்டியிலிருந்து பேரனிடம் வந்து சேர்ந்த ஒரு குத்துவாளை ஆராய்பவர் முன் அலகிலுள்ள நிறுவன முத்திரை, அமெரிக்கப் படைவீரர் கொண்டுவந்ததானால் உடன் வந்த அனுமதித் தாள் என்ற இரண்டு சான்றுகளே நிற்கின்றன. முத்திரை மெய்யானது, தாளும் மெய்யானது, எனவே பொருள் போர்க்களத்தில் கைப்பற்றப்பட்ட போர்க்காலப் பொருள் என்பதே இதுவரை இத்துறையில் செல்வாக்குப் பெற்ற முடிவு. இரண்டும் மெய்யாக இருந்தும் முடிவு பிழையாகலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முத்திரை பற்றி நீளப் பேசத் தேவையில்லை. ஐக்ஹார்ன் நிறுவனத்தின் அணில், அல்கோசோவின் தராசு ஆகியவை ஆண்டுதோறும் எவ்வாறு உருமாறின என்பது நன்கு தொகுக்கப்பட்டுள்ளது. ஆனால் அவை காலங்குறிப்பது அலகுக்கு மட்டுமே. குமிழைத் திருகிக் கழற்றினால் கைப்பிடியும் குறுக்குக்காப்பும் தனித்தனியே கையில் வந்துவிடும். 1936-இல் அடித்த அலகு ஒன்றில் பிற்காலத் துத்தநாகக் கலவைக் காப்பைப் பொருத்தச் சில நிமிடங்கள் போதும்.

அதிகம் நம்பப்பட்டதும் குறைவாக வாசிக்கப்பட்டதும் அனுமதித் தாளே. இதன் பரவலான அச்சுப் படிவம், அதிகாரி ஒருவர் வீரரிடமுள்ள பொருள்களை நேரில் பார்த்தார் என்றும், அவற்றை வீரர் தன் சொந்தப் பொருளாக வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்றும் கூறுகிறது. அதன் கீழ் பொருள்களின் பட்டியல் வருகிறது. கைத்துப்பாக்கிக்குத் தொடர் எண் இருப்பதால் எழுதுபவர் விரும்பினால் அதைக் குறிக்கலாம். எண்ணில்லாத குத்துவாளுக்கு அந்த வசதி இல்லை. அலகின் முத்திரையையோ கைப்பிடியின் நிறத்தையோ கேட்கும் கட்டமும் படிவத்தில் இல்லை. அனுமதி பெற்ற குத்துவாளும் இன்று கையிலிருக்கும் குத்துவாளும் ஒன்றே என்று இத்தாளால் நிறுவ முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று படிவத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. அது தனக்கு ஆதாரமாகக் காட்டும் அமெரிக்கப் போர்த்துறைச் சுற்றறிக்கை 155, 1945 மே 28 நாளிட்டது. ஜெர்மனி சரணடைந்தது மே 8-இல். ஆகவே அந்தச் சுற்றறிக்கையைச் சுட்டும் எந்தத் தாளும் ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்த பிறகே நிரப்பப்பட்டிருக்க முடியும். சோலிங்கனோ ஏப்ரலிலேயே அமெரிக்கப் படைகளிடம் வீழ்ந்துவிட்டது; பின்னர் பிரிட்டிஷ் மண்டலத்துக்குள் வந்தது. அங்கே கிடங்குகளில் அலகுகளும் காப்புகளும் உறைகளும் தேங்கிக் கிடந்தன. நினைவுப்பொருள் தேடி வந்த வீரர்களுக்காக அவற்றைக் கோத்து விற்றார்கள். அப்படி வாங்கிய குத்துவாளையும் அதே அதிகாரி அதே படிவத்தில் ஏற்றிக் கையொப்பமிட்டிருப்பார். எங்கே, எப்படிக் கிடைத்தது என்று விசாரிப்பது அவர் வேலையன்று. தாள் ஊருக்கு எடுத்துச் செல்லத் தரப்பட்ட அனுமதி. அதைப் பிறப்புச் சான்றாகக் கொண்டது ஆய்வாளர்கள் செய்த பிழை.

சண்டை நடந்துகொண்டிருந்தபோதே வேறு ஆணைகளின் கீழ் எழுதப்பட்ட தாள்களும் உண்டு. அவற்றுக்கு இந்த ஐயம் இதே அளவில் பொருந்தாது. ஆயினும் பொருளின் விவரமின்மை அவற்றிலும் பெரும்பாலும் நீடிக்கிறது.

எனவே உண்மைப் பொருள், போலி என்ற இருவகைப் பகுப்பு போதாது. உறுப்புகள் அனைத்தும் போர்க்காலத்தவை, கோப்பு மட்டும் 1945-இன் பிற்பகுதியைச் சேர்ந்தது என்ற மூன்றாம் வகை ஒன்று தேவை. அதைப் பிற்காலப் போலிகளோடு சேர்த்து ஒதுக்குவது அநீதி. இடுப்பில் தொங்கிய வாளோடு ஒன்றாக எண்ணுவதும் தவறு.

இந்த வகைகளைப் பிரிக்க உதவுவது உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விட்ட தழும்பே. பலமுறை உருவிச் செருகிய அலகில் உறைவாயின் உட்பட்டைகள் நீளவாக்கில் மெல்லிய கோடுகளை இழைத்திருக்கும். தொங்கல் வாரின் கொக்கி உறை வளையங்களைத் தேய்த்திருக்கும். கைப்பிடியில் வெள்ளி ஜரிகைக் குஞ்சம் சுற்றியிருந்த இடம் நிறம் வேறுபடலாம். இந்தத் தடங்கள் ஒன்றோடொன்று இசைந்தால் உறுப்புகள் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவை. அலகில் கோடின்றி, வளையத்தில் மட்டும் ஆழ்ந்த தேய்மானம் இருந்தால் ஐயம் வலுக்கிறது. அணியப்படாமல் பெட்டியிலேயே கிடந்த மெய்யான வாளும் தடமின்றி இருக்கலாம். அதனால் தடமின்மையைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது. அலகும் உறையும் இசையாமை அதைவிட வலிய சான்று.

குடும்பத்தினரின் வாய்மொழிக்கு மதிப்பளிக்க வேண்டாமா என்ற மறுப்பு எழும். அது வாளைக் கொண்டுவந்தவரின் வரலாற்றுக்குச் சான்று. வாளின் வரலாற்றுக்கு அன்று. முத்திரையற்ற அலகுகள் யாவும் போருக்குப் பிந்தியவை என்ற கூற்றும் நிற்காது. முத்திரையற்ற மெய்யான வாள்கள் போதிய அளவில் அறியப்பட்டவை.

மதிப்பீட்டுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறை பிறக்கிறது. அலகு, காப்பு, கைப்பிடி, உறை, தொங்கல் வார் ஆகியவற்றைத் தனித்தனியே காலங்குறித்து, அவற்றின் இசைவைத் தனியே எழுதி, தாளுக்குரிய விலையை வாளின் விலையோடு கலக்காமல் காட்ட வேண்டும். ஏலப் பட்டியல்களில் தாளுக்காகவே வாளின் விலை உயர்வது வாங்குபவரை ஏமாற்றும் வழக்கம்.

பேணுதலில் முதல் விதி மெருகிடாமை. மெருகுத்தூள் முதலில் அழிப்பது மேற்சொன்ன கோடுகளையே. காப்பிலுள்ள கழுகின் ஸ்வஸ்திகாவைக் கூசி அரைத்து நீக்குவோர் உண்டு. கொலைவெறி கொண்ட ஓர் ஆட்சியின் சின்னம் அது, கூச்சம் இயல்பே. ஆனால் அரைத்தபின் எஞ்சுவது அந்த ஆட்சி அங்கே இருந்ததை மறைக்கும் பொருள். அச்சின்னத்தைப் பொதுவில் காட்டத் தடைவிதிக்கும் ஜெர்மானியக் குற்றவியல் சட்டம்கூட ஆய்வுக்கும் வரலாற்றுக் கல்விக்கும் விலக்களிக்கிறது.

கையுறையோடு எடுத்து, அலகில் நுண்படிக மெழுகை மெல்லப் பூசினால் போதும். தோலாலான பாகம் இருந்தால் அதைச் செம்பு கலந்த பாகங்கள் மீது படவிடக் கூடாது. பச்சைக் களிம்பு ஏறும். கைப்பிடி செல்லுலாய்டானால் இன்னும் கவனம் தேவை. முதுமையடையும் செல்லுலாய்டு நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்குகிறது. அவை ஈரத்தில் அமிலமாகி அருகிலுள்ள உலோகத்தை அரிக்கும். காற்றுப் புகாத பெட்டி இங்கே பகை. குளிர்ந்த, வறண்ட, காற்றோட்டமுள்ள இடமே தகும். அதே ஆவி காகிதத்தையும் கெடுக்கும். ஆகவே அனுமதித் தாளை வாளோடு ஒரே பெட்டியில் வைக்காமல், குண்டூசியோ ஒட்டுநாடாவோ படாமல், அமிலமற்ற உறையில் தனியே வைத்து, வாளின் படத்தையும் உறுப்புகளின் அளவுகளையும் எழுதிய குறிப்பொன்றை அதனுடன் சேர்க்க வேண்டும்.