மலைநாட்டுப் பெற்றோரும் கல்வி முறையீடும்

கல்லூரியிற் பயிலும் பிள்ளையின் குறையைப் பெற்றோர் எவ்வாறு எடுத்துரைத்தல் தகும் என ஆராயப் புகுவோர், யாரிடம் எடுத்துரைத்தல் இயலும் என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். நோட்டன் பிரிட்ஜ், ஹட்டன் முதலிய தேயிலைப் பகுதிகளின் வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது.

1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டங்களில் வாழ்ந்த 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத்துரைமாரிடம் ஒப்படைத்தது. கடமை விதிக்கப்பட்டமை நன்மையே. ஆயினும், வேலை கொடுப்பவரும் பள்ளியை நடத்துபவரும் ஒருவரேயாயினர். ஆசிரியர் வாராமையை முறையிட விரும்பிய தந்தை, கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் கடந்து, தம் பிழைப்பைத் தீர்மானிக்கும் துரையின் முன்னரே நிற்க வேண்டியவரானார். மலைநாட்டுப் பெற்றோர் கல்வியிற் கருத்தற்றவர் என்னும் பழி இதனை எண்ணாது எழுந்ததாகும். அவர்தம் மௌனம் அலட்சியத்தின் பாற்பட்டதன்று; அச்சத்தின் பாற்பட்டது.

1945 இல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், அதன் பயன் தோட்டப் பள்ளிகளை உடன் எய்தவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எனவே மக்கட் பிரதிநிதி வாயிலாக முறையிடும் வழியும் அடைபட்டது. எஞ்சியது தொழிற்சங்கம் ஒன்றே. அது கூலிக்கும் லயத்துக்கும் வாதாட வல்லது. கணிதத்திற் பின்தங்கிய ஒரு சிறுவனின் குறையை ஏந்துதற்கு ஏற்ற கருவியன்று.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின்னர், தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசின்கீழ் வந்தன. துரையும் பள்ளியும் வேறாயின. 1993 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம், பாடசாலை அபிவிருத்திச் சபைகளிற் பெற்றோருக்கும் இடம் வகுத்தது.

இவ்வாறு பிறந்த உரிமையைப் பேணும் நெறி எளிது. குறையை முதலில் வகுப்பாசிரியரிடமும், தீராவிடின் அதிபரிடமும், பின்னர் வலயக் கல்விப் பணிமனையிடமும் உரைத்தல் முறை. கேள்வியுற்றதை விடுத்துக் கண்டதையே கூறுதலும், நாளும் நிகழ்ச்சியும் குறித்து எழுத்தில் அளித்தலும், ஆசிரியரைப் பிள்ளையின் முன் இகழாதிருத்தலும் முறையீட்டுக்கு வலிமை தரும்.

ஆயினும் பணிவைப் பெற்றோரிடம் மட்டும் வேண்டுதல் நீதியாகாது. முறையிட்டவரின் பிள்ளைக்குத் தீங்கு நேராது என்னும் உறுதியைக் கல்லூரி அளித்தல் வேண்டும். பெரட்டுக்களத்தில் தலைகுனிந்து நின்ற பரம்பரையினர் அதிபரின் அறையில் அமர்ந்து பேச வேண்டுமாயின், அங்கு அவர்க்கு ஓர் ஆசனம் இடப்பட்டிருத்தல் இன்றியமையாதது.