கண் சத்திரசிகிச்சை – இலங்கை

நோய், காயம், முதுமை ஆகியவற்றால் மங்கிய பார்வையை மீட்கவும், எஞ்சிய பார்வையைக் காக்கவும் கண்ணில் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளின் பொதுப்பெயர். இவற்றுள் அதிகம் செய்யப்படுவது கண்புரைக்கானது. இலங்கையின் பெயரை வெளிநாடுகளில் நிலைநாட்டியதோ விழிவெண்படல மாற்றுச் சத்திரசிகிச்சை. அதுவும் வைத்தியர்களின் கைத்திறனால் மட்டுமன்றிக் கண் கொடுத்தோராலும் வந்த பெயர்.

கண்ணினுள் இருக்கும் வில்லை ஒளிபுகாதபடி மங்குவதே கண்புரை. ‘கண்ணில வெள்ளை படர்ந்திட்டுது’ என்று வீட்டில் சொல்வது இதைத்தான். மங்கிய வில்லையைக் கருவியால் குத்திப் பார்வைப் பாதையிலிருந்து தள்ளிவிடும் முறையைப் பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை விவரிக்கிறது. அதில் வில்லை கண்ணுக்குள்ளேயே கிடக்கும். வில்லையை வெளியே எடுக்கும் முறையைப் பிரான்சின் ஜாக் டேவியல் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவினார். ஆயினும் வில்லை போன கண்ணுக்குத் தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடியே கதி என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. போர் விமானிகளின் கண்ணில் தைத்த விமானக் கூரைத் துண்டுகள் அழற்சியை உண்டாக்காதிருந்ததைக் கவனித்த கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி, அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த வில்லையை 1949 இல் லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் பொருத்தினார். 1967 இல் கண் வைத்தியர் சார்ள்ஸ் கெல்மன் புகுத்திய, வில்லையை மீயொலியால் உடைத்து உறிஞ்சும் முறையால் வெட்டு சில மில்லிமீற்றராகச் சுருங்கியது. இன்று பெரும்பாலானோர் அன்றைக்கே வீடு திரும்புகின்றனர்.

கொழும்பில் கண்ணுக்கென்றே எழுந்த விக்டோரியா ஞாபகார்த்தக் கண் வைத்தியசாலைக்கு 1903 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. லிப்டன் சுற்றுவட்டத்தருகே சிவப்பும் வெள்ளையுமாய் நிற்கும் அந்தப் பழைய கட்டடத்தைத் கொழும்புவாசிகள் எவரும் அறிவர். இப்போது அப்பகுதியில் இயங்குவது தேசிய கண் வைத்தியசாலை.

விழிவெண்படலம் கண்ணின் முன்புறக் கண்ணாடிச் சுவர். தொற்று, சுண்ணாம்பு போன்ற இரசாயனம், நெற்கதிர் கீறல் ஆகியவற்றால் அதில் தழும்பு விழுந்தாலும், அது கூம்பாகப் பிதுங்கினாலும் பார்வை கெடும். கண் வைத்தியர் எடுவார்ட் சிர்ம் 1905 இல், இன்றைய செக் நாட்டின் ஓலமூட்சில், முதல் வெற்றிகரமான மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். விழிவெண்படலத்தில் குருதிக்கலன்கள் இல்லாததால் உடல் அதை நிராகரிப்பது ஒப்பீட்டளவில் குறைவு. இரத்த வகை பொருந்த வேண்டும் என்ற நியதியும் பொதுவாக இல்லை. தட்டுப்பாடு கண்களுக்குத்தான்.

இலங்கையில் 1955 இலேயே விழிவெண்படல மாற்றுக்கென ஒரு சட்டம் வந்துவிட்டது; கொடுப்பார்தாம் இல்லை. மருத்துவ மாணவராயிருந்த ஹட்சன் சில்வா 1958 இல் சிங்களப் பத்திரிகையொன்றில் கண் கேட்டு எழுதினார். 1960 இல் இறந்த அவருடைய தாயாரின் விழிவெண்படலங்கள் ஏழை விவசாயி ஒருவருக்குப் பொருத்தப்பட்டன. 1961 இல் இலங்கைக் கண் தானச் சங்கம் உருவானது. தொடக்கத்தில் கண்களைப் பாதுகாத்தது அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி. 1964 இல் ஐஸ் இட்ட பிளாஸ்கில் சிங்கப்பூருக்குச் சென்ற கண்களே முதல் ஏற்றுமதி. பின்னர் பாகிஸ்தான், ஜப்பான், எகிப்து எனப் பல நாடுகளுக்கும் சென்றன. 1996 இல் மறைந்த முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவும் கண்களைத் தானம் செய்தவர்.

தன் கண்ணையே ஈந்த சிவி மன்னனின் பௌத்த ஜாதகக் கதை இவ்வியக்கத்துக்குப் பெருந்துணை. தமிழருக்குத் தெரிந்த சிபியோ புறாவுக்காகத் தசை அரிந்தவன். எனினும் சிவனுக்குத் தன் கண்ணை ஈந்த கண்ணப்பரை வணங்குவோர் கண் கொடுக்கத் தயங்க நியாயமில்லை.

கண் தானம் எல்லாப் பார்வையின்மைக்கும் மருந்தன்று. கண்ணழுத்த நோய்க்கு நீர் வடிய வழிசெய்யும் சத்திரசிகிச்சையும், நீரிழிவால் விழித்திரை கெட்டோருக்கு லேசர் அல்லது கண்ணின் உள்ளே நிறைந்த கூழான கண்ணாடியுடனீரை அகற்றும் சத்திரசிகிச்சையும் உண்டு. கண்ணழுத்த நோயால் இழந்த பார்வையைச் சத்திரசிகிச்சை மீட்பதில்லை. மேலும் கெடாமல் தடுப்பதே நோக்கம்.

கண்ணாடி அணிந்தவரும், புரைக்குச் சத்திரசிகிச்சை செய்தவரும், நீரிழிவு உள்ளவரும் பொதுவாகக் கண் தானம் செய்யலாம். இறந்த சில மணி நேரத்துக்குள் கண்கள் எடுக்கப்பட வேண்டும். ஒப்புதல் பத்திரத்தை அலுமாரியில் பூட்டி வைப்பதால் பயனில்லை. உங்கள் விருப்பத்தை வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.