ஊசியிலை இல்லாத ஊசியிலை மரம்: திருவிதாங்கூர் மலைகளும் பைன் ஆராய்ச்சியின் வரலாறும்

பைனையும் அதன் உறவு மரங்களையும் தமிழ்த் தாவரவியல் நூல்கள் 'ஊசியிலை மரங்கள்' என்று அழைக்கின்றன. இமயத்துக்கும் ஐரோப்பாவுக்கும் பொருந்தும் சொல் அது. தென்னிந்தியாவின் மண்ணுக்கே உரிய ஒரே கூம்புத் தாவரத்தை மட்டும் அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே எழும் அகத்தியமலைத் தொடரின் பசுமைமாறாக் காடுகளில் வளரும் அம்மரத்துக்கு மலையாளத்தில் நிறம்பாலி என்று பெயர். அதன் இலை அகன்றது, நடுநரம்பு இல்லாதது, அடியிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் இணையாக ஓடுகின்றன. பைனில் காணும் மரத்தன்மையுள்ள கூம்பும் இதில் இல்லை. பெண்மரத்தில் சதைப்பற்றான காம்பொன்றின் நுனியில் உருண்டையாக விதை அமைந்திருக்கும். பார்ப்பவர் அதைப் பழம் என்றே கொள்வர்.

இலையைக் கொண்டு இதன் இனத்தை அறிய முடியாது. சூலைக் கொண்டே அறிய முடியும். கூம்புத் தாவரங்களின் சூல் சூலகத்தால் மூடப்படாமல் திறந்திருக்கிறது என்பதை ராபர்ட் பிரௌன் 1820களில் நிறுவினார். நிறம்பாலியை பைனின் தூரத்து உறவாகக் காண வழிசெய்தது அந்தக் கண்டுபிடிப்புதான். 1830இல் நதானியேல் வாலிச் இதற்கு 'அகன்ற இலையுடைய பொடோகார்ப்பஸ்' என்னும் பொருளில் இலத்தீன் பெயர் சூட்டினார். தென்னாப்பிரிக்க மரம் ஒன்று அப்பெயரை ஏற்கெனவே பெற்றிருந்தது. எனவே 1840களில் கார்ல் பிரெஸ்ல் வாலிச்சின் பெயரையே மரத்துக்கு இட்டார். 1891இல் ஓட்டோ குன்ட்ஸே அதை நாகேயா என்னும் பேரினத்துக்கு மாற்றினார்; 1969இல் டி லாபென்ஃபெல்ஸ் டெகுஸ்ஸோகார்ப்பஸ் என்னும் வேறொரு பேரினத்தில் சேர்த்தார்; பின்னர் நாகேயாவே நிலைத்தது. (நாகேயா என்றதும் நாகத்தை நினைக்க வேண்டியதில்லை. 'நாகி' என்பது இப்பேரினத்து மரம் ஒன்றுக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர்.) ஒரே மரத்தைப் பற்றிய குறிப்புகள் இப்படிப் பல பெயர்களின் கீழ்ச் சிதறிக் கிடப்பது, பழைய தாவரப் பட்டியல்களைப் படிக்கும் மாணவரை இன்றும் அலைக்கழிக்கிறது.

திருவிதாங்கூர் அரசின் கண்ணில் காடு என்பது முதலில் வருவாய். தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்கே உரிய மரங்கள். வனக் காப்பாளர் டி. எஃப். போர்டிலன் 1893இல் எழுதிய வன அறிக்கையும், 1908இல் வெளியிட்ட திருவிதாங்கூர்க் காட்டு மரங்கள் பற்றிய நூலும் அந்த நிர்வாகச் சூழலில் பிறந்தவை. ஆங்கிலேய வன அலுவலர்கள் தமக்குப் பழகிய மரங்களின் பெயர்களையே இங்கும் வழங்கினர். வெள்ளை அகிலை 'வெள்ளை சீடர்' என்றனர். சந்தன வேம்பை 'சிவப்பு சீடர்' என்றனர். இரண்டும் பூக்கும் தாவரங்கள். சீடருக்கு எவ்வகையிலும் உறவல்ல. உண்மையான கூம்புத் தாவரம் அதே மலைத்தொடரில் நிற்க, அந்த உறவின் பெயர் வேறு மரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் பைன் மரமே கொண்டுவரப்பட்டது. பைன் பேரினம் வடகோளத்துக்கு உரியது. சுமாத்திராவின் மெர்குசி பைன் ஒன்றே இயற்கையாக நிலநடுக்கோட்டைக் கடந்திருக்கிறது. அதனால் வெப்பமண்டலத்தில் பைன் வளர்க்கும் முயற்சிகள் நெடுநாள் தோல்வியுற்றன. விதை முளைக்கும், நாற்று மஞ்சளித்து நின்றுவிடும். காரணம் மண்ணில் இருந்தது. பைனின் வேர் தனக்குரிய வேர்ப்பூஞ்சையின் துணையின்றிப் போதிய ஊட்டம் பெறாது. போர்ட்டோ ரிக்கோ தீவில் 1950களில் அமெரிக்க பைன் காட்டின் மண்ணைக் கொணர்ந்து நாற்றங்காலில் கலந்த பிறகே மரங்கள் தழைத்தன. ஆக, உலகெங்கும் பைனோடு கண்ணுக்குப் புலப்படாத அதன் துணையும் பயணம் செய்தது.

தென்னிந்தியாவில் மெக்சிகோவின் பட்டுலா பைன் உயர்மலைகளில் பரவலாக நடப்பட்டது. பழனி மலையின் புல்வெளிகள் நாற்பதாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கின என்று 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பைன் உள்ளிட்ட வணிக மரத் தோட்டங்களும் வேளாண்மையுமே அதற்குக் காரணங்கள். 'தரிசு' என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு நிலத்தை விழுங்கக்கூடும் என்பதற்கு அம்மலையே சான்று. கேரளத்தில் வாகமண்ணின் பைன் தோட்டம் இன்று சுற்றுலாத் தலம். அங்கு நின்று படம் எடுப்போரில் பலருக்கு, தங்கள் மாநிலத்துக்கே உரிய கூம்புத் தாவரம் வேறு என்பது தெரிந்திருக்காது.

நிறம்பாலிக்கு அயல் பூஞ்சை தேவையில்லை. அதன் குடும்ப மரங்கள், வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலானவை சார்ந்திருக்கும் அதே வகை வேர்ப்பூஞ்சையோடு வாழ்கின்றன. அம்மரம் எப்போது இங்கு வந்தது என்பது தனிக் கேள்வி. 'கோண்ட்வானாவின் எச்சம்' என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். ராஜ்மகால் மலைகளில் பொடோகார்ப்பஸ் குடும்பத்தின் தொல்லுயிர் எச்சங்கள் கிடைத்தது உண்மை. எனினும் நாகேயாவின் இலை எச்சங்கள் தென்சீனத்தின் ஈயோசீன் காலப் படிவுகளில் கிடைத்திருக்கின்றன. குடும்பத்தின் தொன்மையை இனத்தின் மீது ஏற்றிச் சொல்வது சரியான வாதமாகாது. கிழக்கிலிருந்து பிற்காலத்தில் வந்ததாகவும் இருக்கலாம்.

இன்றைய சிக்கல் பட்டியலில் இருக்கிறது. நிறம்பாலி வடகிழக்கு இந்தியா முதல் நியூ கினி வரை பரவியிருப்பதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் அதை 'குறைந்த கவலைக்குரியது' என வகைப்படுத்துகிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்கோடியில் சிதறி நிற்கும் மரங்களோ அந்தப் பெரும்பரப்பிலிருந்து துண்டிக்கப்பட்டவை. மேலும் இது ஈரில்லத் தாவரம்: ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு, மகரந்தம் காற்றின் வழியே செல்கிறது. அடர்காட்டில் ஒரு பெண்மரத்துக்குப் போதிய அண்மையில் ஆண்மரம் இல்லையெனில் அது விதை தராது. நூறு மரங்கள் என்று கணக்கெடுப்பு சொல்லலாம். அவற்றுள் எத்தனை பெண், அவற்றுக்கும் ஆண்மரங்களுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை, இனப்பெருக்கப் பருவத்தில் ஒவ்வொரு மரத்தடிக்கும் சென்று பார்த்தே குறிக்க முடியும். அடிமரச் சுற்றளவை மட்டும் அளக்கும் கணக்கெடுப்பில் அது பதிவாவதில்லை.