ரெனுவாரின் கணக்கு

மூட்டழற்சி நோயான முடக்குவாதத்துக்கு ஓய்வே சிறந்தது என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் மருத்துவமனைகளில் வலுவாக நிலவியது. பிரெஞ்சு ஓவியர் ஒகுஸ்த் ரெனுவார் (1841–1919) அதற்கு வெகு முன்னரே வேறு வழி கண்டவர். ஐம்பது வயதையொட்டி நோய் தொடங்கிற்று. 1897இல் மிதிவண்டியிலிருந்து விழுந்து வலக்கை முறிந்தது. பின்வந்த ஆண்டுகளில் விரல்கள் மடங்கி இறுகின.

காலையில் தூரிகையைத் தொடுமுன் அவர் சிறு பந்துகளை மேலே எறிந்து பிடித்துப் பழகினார். விரல்கள் அதற்கும் இணங்காதபோது ஒரு மரத்துண்டை எறிந்து பிடித்தார். இவற்றையெல்லாம் தந்தையைப் பற்றிய நூலில் எழுதியவர் மகன் ழான். பின்னாளில் வங்காளத்துக்கு வந்து ‘தி ரிவர்’ படம் எடுத்த அதே ழான் ரெனுவார்தான்.

1912இல் நடை முற்றிலும் நின்றிருந்தது. வியன்னா மருத்துவர் ஒருவர் சில வாரச் சிகிச்சைக்குப்பின் அவரை எழுந்து சில அடிகள் நடக்கச் செய்தார். நடந்து முடித்த ரெனுவார், நடைக்கே தம் மனவுறுதி முழுவதும் செலவாகிறது, ஓவியத்துக்கு ஒன்றும் மிஞ்சாது என்று கூறி மீண்டும் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். இதை மனச்சோர்வு எனக் கொள்வது பொருந்தாது. தம் உடலில் எஞ்சிய வலுவை அளந்தறிந்து, அதை எங்கே செலவிடுவது என்று அவரே முடிவு செய்தார். அதன்பின்னும் ஏழாண்டுகள், துணி சுற்றிய கையில் பிறர் தூரிகையை வைத்துத் தர, தென் பிரான்சில் வரைந்துகொண்டிருந்தார்.