பெங்களூரு நகர நிதியும் நிதிக்குழுக்களின் பங்கீட்டு முறையும்: 280-ஆம் உறுப்பின் ஓர் உட்கூறு பற்றிய மறுவாசிப்பு

நகர உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு வழங்கும் மானியம் ஏன் பெரும்பாலும் தலைக்கணக்கை வைத்தே முடிவாகிறது என்னும் கேள்விக்கு இன்றுவரை சொல்லப்படும் விடை, ஏ. எம். குஸ்ரோ தலைமையிலான பதினோராவது நிதிக்குழு 2000-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையிலிருந்து கிளைத்தது. மாநில நிதி ஆணையங்கள், அதாவது அரசமைப்பின் 243ஐ, 243ஒய் உறுப்புகளின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆளுநர் அமைத்து மாநில வருவாயில் ஊராட்சி, நகராட்சிகளின் பங்கைப் பரிந்துரைக்கச் செய்யும் குழுக்கள், உரிய காலத்தில் அறிக்கை தரவில்லை. தந்த அறிக்கைகளும் வெவ்வேறு காலப்பகுதிகளைச் சேர்ந்தவை. அவற்றின்மீது மாநில அரசுகள் எடுத்த நடவடிக்கையும் தெளிவாக இல்லை. ஆகவே மத்திய நிதிக்குழு தனக்கென ஒரு சூத்திரத்தை வகுத்துக்கொள்ள நேர்ந்தது என்பது அந்த விடை. மாநிலங்களின் அசட்டை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சூத்திரம் அந்த அசட்டையின் விளைவு என்னும் முடிவு பெங்களூருவின் நிதி வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போது நிற்பதில்லை என்பதும், வரியை இழந்தவருக்கு ஈடு தரும் வேறொரு முறையை மத்திய அரசு அறிந்தே இருந்தும் அது மாநில வாசலோடு நின்றுவிட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

குஸ்ரோ குழுவின் வாசிப்பு அரசமைப்பின் 280(3)(சி) என்னும் ஒரே உட்கூற்றைச் சுற்றியது. 74-ஆம் திருத்தத்தின் வழியாக 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த இவ்வுட்கூறு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைகளை அடிப்படையாகக் கொண்டு, நகராட்சிகளின் வருவாயைப் பெருக்குவதற்காக அந்த மாநிலத்தின் திரள்நிதியத்தை (அரசின் வருவாயெல்லாம் சேரும் பொதுக் கணக்கை) வலுப்படுத்தத் தேவையான நடவடிக்கைகளைப் பரிந்துரைக்கும் கடமையை மத்திய நிதிக்குழுவுக்குத் தருகிறது. இதற்குச் சில வாரங்கள் முன்பு, 1993 ஏப்ரல் 24 முதல், 73-ஆம் திருத்தம் ஊராட்சிகளுக்காகச் சேர்த்த (பிபி) உட்கூறும் இதே வாய்பாட்டில் அமைந்தது. பரிந்துரைகளை அடிப்படையாகக் கொள்வது என்னும் நிபந்தனை தன் கையைக் கட்டுகிறது என்று கருதிய குஸ்ரோ குழு, அத்தொடரையே நீக்கிவிடும்படி கேட்டது.

இந்த வாசிப்பில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் கை உண்மையில் கட்டப்படவில்லை. ஆணையம் அமைக்கப்படாத, அல்லது அறிக்கை வராத மாநிலங்களைப் பொறுத்தவரை நிதிக்குழு தானே மதிப்பிட்டுக்கொள்ளலாம் என்று அதன் பணிவரையறையிலேயே இடம் தரப்பட்டிருந்தது. வழி திறந்திருக்கையில் சுவரை இடிக்கக் கேட்டது ஏன் என்பதற்கு அறிக்கையில் நிறைவான விடை இல்லை.

இரண்டாவது இடர்ப்பாடு இன்னும் கடுமையானது; அது காலவரிசை பற்றியது. கே. சி. பந்த் தலைமையிலான பத்தாவது நிதிக்குழு 1994-இல் அறிக்கை அளித்தது. அது நியமிக்கப்பட்டபோது 73, 74-ஆம் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. உள்ளாட்சி என்பது அதன் பணிவரையறையில் இல்லை. அப்படியிருந்தும் அது, 1971-ஆம் ஆண்டு ஊரக மக்கள்தொகையில் தலைக்கு 100 ரூபாய் என்ற கணக்கில் ஊராட்சிகளுக்கு 4,380.93 கோடி ரூபாயும், நகராட்சிகளுக்கு 1,000 கோடி ரூபாயும் ஒதுக்கியது. நகரத் தொகையை மாநிலங்களுக்கிடையே பிரிக்க, 1971-இன் நகர மக்கள்தொகையிலிருந்து கணித்த குடிசைவாழ் மக்கள் விகிதத்தைப் பயன்படுத்தியது. மாநில நிதி ஆணையங்களின் அறிக்கைகள் எவையும் மேசைக்கு வராத காலத்திலேயே தலைக்கணக்கு வந்துவிட்டது என்பதே இதன் பொருள். பின்னால் நேர்ந்த தாமதம் முன்னால் பிறந்த சூத்திரத்துக்குக் காரணமாக முடியாது. பெங்களூரு நகர்த்திரளின் மக்கள்தொகை 1971-இல் ஏறத்தாழ 16.6 லட்சம், 1991-இல் 41.3 லட்சம் என்பதை நினைவில் கொண்டால், இருபதாண்டுக்கு முந்தைய கணக்கெடுப்பு எந்த நகரை அளந்தது என்பது விளங்கும்.

மூன்றாவது இடர்ப்பாடு கர்நாடகம். ஜி. திம்மையா தலைமையில் 1994-இல் அமைக்கப்பட்ட கர்நாடகத்தின் முதல் மாநில நிதி ஆணையம் 1996-க்குள் நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்குமாகத் தன் அறிக்கைகளைத் தந்துவிட்டது. மாநிலத்தின் கடன்சாரா மொத்தச் சொந்த வருவாயில், அதாவது வாங்கிய கடனையும் மத்திய அரசிடமிருந்து வருவதையும் கழித்து மாநிலம் தானே ஈட்டிய தொகையில், 36 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பகிரச் சொல்லி, அதில் 30.6 விழுக்காட்டை ஊராட்சிகளுக்கும் 5.4 விழுக்காட்டை நகராட்சிகளுக்கும் அது பிரித்தது. குஸ்ரோ குழு தன் அறிக்கையை முடிப்பதற்கு நான்கு ஆண்டு முன்பே கையில் கிடைத்த இக்கணக்கைத் தாமதத்தின் பெயரால் ஒதுக்குவதற்கு நியாயமில்லை. மேலும், அக்குழுவே தன் பங்கீட்டில் மக்கள்தொகைக்கு 40, அதிகாரப் பரவலாக்கக் குறியீட்டுக்கு 20, உயர் தலா வருமானத்திலிருந்துள்ள தொலைவுக்கு 20, வருவாய் முயற்சிக்கும் பரப்பளவுக்கும் தலா 10 என்று எடை கொடுத்தது. மாநிலங்கள் 73, 74-ஆம் திருத்தங்களை எந்த அளவு நிறைவேற்றின என்பதை அளந்து 20 விழுக்காடு எடை போடுமளவுக்குத் தகவல் இருந்த ஒரு குழு, மாநில ஆணையங்களின் முடிவுகளைப் பயன்படுத்தத் தகவல் போதவில்லை என்று சொல்வது பொருந்தாது.

இங்கே குஸ்ரோ குழுவுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். திம்மையா ஆணையத்தின் பங்கீட்டில் நகராட்சிகளுக்குக் கிடைத்தது உள்ளாட்சித் தொகையில் வெறும் 15 விழுக்காடு. குஸ்ரோ குழு ஆண்டுக்கு ஊராட்சிகளுக்கு 1,600 கோடி, நகராட்சிகளுக்கு 400 கோடி என்று வகுத்ததில் நகரப் பங்கு 20 விழுக்காடு. மாநில ஆணையத்தைப் பின்பற்றியிருந்தால் பெங்களூருக்கு அதிகம் கிடைத்திருக்கும் என்று வாதிட இயலாது, குறைந்திருக்கவும் கூடும். ஆனால் மாநிலக் கணக்கு அசைந்தது, மத்தியக் கணக்கு அசையவில்லை. கே. பி. சுரேந்திரநாத் தலைமையிலான இரண்டாவது மாநில ஆணையம் 40 விழுக்காட்டில் 8-ஐ, அதாவது ஐந்தில் ஒரு பங்கை, நகரங்களுக்குத் தந்தது. மூன்றாவது ஆணையம் 33 விழுக்காட்டில் 10-ஐத் தந்தது. பன்னிரண்டாவது நிதிக்குழுவோ தொகையை 25,000 கோடியாக உயர்த்தியும், 20,000 கோடி ஊராட்சிக்கு, 5,000 கோடி நகராட்சிக்கு என்று அதே எண்பதுக்கு இருபதில் நின்றது. 2001 கணக்கெடுப்பில் நாட்டின் நகர மக்கள் 27.8 விழுக்காடு. தலைக்கணக்கையே வேதமாகக் கொண்டவர்கள் நகரத் தலைகளைக் குறைத்து எண்ணினார்கள் என்பது வியப்பு.

விஜய் கேல்கர் தலைமையிலான பதிமூன்றாவது நிதிக்குழு இந்த உட்கூற்றுக்கு மென்மையான ஒரு பாடபேதத்தை முன்மொழிந்தது. பரிந்துரைகளின் அடிப்படையில் என்பதற்குப் பதிலாகப் பரிந்துரைகளைக் கருத்தில் கொண்டபின் என்று மாற்றலாம் என்றது. குஸ்ரோ குழு வெட்டச் சொன்ன தொடரைக் கேல்கர் குழு தளர்த்தச் சொன்னது. இரண்டில் எதுவும் நிறைவேறவில்லை. 1993-இன் பாடமே இன்றும் நிலவுகிறது.

அப்பாடத்தின் முன்வரலாறு நூல்களில் அதிகம் கவனம் பெற்றதில்லை. 1950-இன் அரசமைப்பில் 280(3)(சி) என்னும் இடத்தில் இருந்தது வேறொரு கடமை: முன்னாள் சுதேச சமஸ்தானங்களான பி-பகுதி மாநிலங்களோடு மத்திய அரசு 278-ஆம் உறுப்பின்கீழ் செய்துகொண்ட நிதி ஒப்பந்தங்களைத் தொடர்வதா மாற்றுவதா என்று பரிந்துரைப்பது. மைசூர் அத்தகைய மாநிலம். வி. டி. கிருஷ்ணமாச்சாரி குழு 1948–49-இல் வகுத்த திட்டப்படி, சமஸ்தானங்களிடமிருந்த வருமான வரி, உற்பத்தி வரி, ரயில்வே போன்ற மத்திய வருவாய்களை மத்திய அரசு எடுத்துக்கொண்டபோது, அதனால் விழுந்த பள்ளத்தை அளந்து, பத்தாண்டுக்கு மிகாத காலத்துக்கு வருவாய் இடைவெளி மானியம் தரும் ஏற்பாடு அது. மாநிலச் சீரமைப்போடு வந்த 1956-இன் ஏழாம் திருத்தம் அந்த (சி)-யை நீக்கி, எஞ்சிய வேறு பொருள்களைக் குறித்த (டி)-யை (சி) ஆக்கியது. 1993-இல் அந்த (சி) மீண்டும் (டி) ஆகி, காலியான இடத்தில் நகராட்சிகள் வந்து அமர்ந்தன. ஒரே எழுத்து இரண்டு பொருளுக்கு வந்தது தற்செயலே. அதிலிருந்து சட்டம் வரைந்தவர்களின் உள்நோக்கத்தைப் பிழிந்தெடுக்க முடியாது. ஆனால் ஒன்று உறுதிப்படுகிறது. வரி ஆதாரம் கைமாறும்போது இழப்பை அளந்து ஈடு தருவது என்னும் கோட்பாடு 1950-லேயே, அதுவும் மைசூருக்கே, நடைமுறையில் இருந்தது. நகராட்சிகளுக்கான உட்கூற்றை எழுதியபோது அந்தக் கோட்பாடு வரவில்லை.

பெங்களூரு இழந்தது என்ன என்று பார்த்தால் இதன் முக்கியத்துவம் புலப்படும். 1850-ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் 1862-இல் தோன்றிய நகராட்சி, 1881-க்குப் பின் தனியே பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆளுகையில் இருந்த கண்டோன்மென்ட் நகராட்சி, இரண்டும் இணைந்து 1949-இல் உருவான மாநகராட்சி ஆகியவற்றின் கதை தெரிந்ததே. இவ்வாய்வுக்கு வேண்டுவது ஆக்ட்ராய் மட்டும்: நகர எல்லைக்குள் பயன்பாட்டுக்கோ விற்பனைக்கோ வரும் சரக்கின்மீது எல்லைச் சாவடியில் நகராட்சியே வாங்கிய வரி. லாரிகள் சாவடியில் காத்துக் கிடந்ததும் கையூட்டும் அதன் கெட்ட பெயருக்குக் காரணம். ஆனால் வணிகம் பெருகப் பெருகத் தானே பெருகும் வருவாய் நகராட்சியிடம் அது ஒன்றுதான். 1979-இல் கர்நாடகம் அதை ஒழித்து, மாநில அரசே வாங்கும் நுழைவு வரியைச் சட்டமாக்கியது. நகராட்சிகளின் இழப்பை ஈடுசெய்வதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்று தீர்ப்பளிக்க, 1980-இல் ஹன்சா கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது.

இவ்வரிக்கு அடித்தளமான மாநிலப் பட்டியலின் 52-ஆம் பதிவு, ஓர் உள்ளூர்ப் பகுதிக்குள் நுழையும் சரக்கின்மீதான வரியைக் குறித்தது. உள்ளூர்ப் பகுதி என்றால் நகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பு ஒன்றின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதியே என்று 1961-இல் டயமண்ட் சுகர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்தது. வசூலிப்பவர் மாநிலம் ஆனாலும், வரியின் இருப்புக்கே உள்ளாட்சி ஒன்று வேண்டும். இந்த உறவு சட்டப்படி உரிமையாக முதிர்ந்தது என்று சொல்லச் சான்று போதாது. எனினும் நுழைவு வரியை மாநிலத்தின் மற்ற வரிகளில் ஒன்றாக மட்டும் எண்ணி நகரின் பங்கை மறப்பதற்கும் அது இடம் தரவில்லை.

101-ஆம் திருத்தம் 2016-இல் 52-ஆம் பதிவை நீக்கியது. 2017 ஜூலை 1 முதல் நுழைவு வரி சரக்கு மற்றும் சேவை வரிக்குள் கரைந்தது. அப்போது இயற்றப்பட்ட மாநிலங்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் நெருங்கிப் படிக்கத்தக்கது. அதன் 5-ஆம் பிரிவு, அடிப்படை ஆண்டான 2015–16-இன் வருவாயை வரையறுக்கும்போது, மாநிலமும் உள்ளாட்சிகளும் வசூலித்த தொகைகளைச் சேர்த்தே எண்ணச் சொல்கிறது. இழப்பீடு யாருக்கு என்று கூறும் 7-ஆம் பிரிவு மாநிலத்தை மட்டுமே குறிப்பிடுகிறது. கணக்கில் உள்ளாட்சி உண்டு; பட்டுவாடாவில் இல்லை. ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சியை உறுதிசெய்து ஐந்தாண்டு தரப்பட்ட இத்தொகையில் உள்ளாட்சிக்கு இவ்வளவு பிரித்துத் தர வேண்டும் என்று சட்டம் மாநிலத்தைப் பணிக்கவில்லை. மும்பையில் அப்போதும் ஆக்ட்ராய் இருந்ததால், மகாராஷ்டிரம் 2017-இலேயே உள்ளாட்சி இழப்பீட்டுச் சட்டம் ஒன்றை இயற்றி, ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டு வளர்ச்சியோடு ஈடு தர ஒப்புக்கொண்டது. சாவடியைக் கடைசிவரை வைத்திருந்த நகரம் ஈட்டைப் பெற்றது. முப்பத்தெட்டு ஆண்டு முன்பே விட்டுக்கொடுத்த பெங்களூரு அதைக் கேட்கும் நிலையில் இல்லை. சீர்திருத்தத்தில் முந்தியவருக்குக் கிடைத்த பரிசு இது.

ஈடு போனபின் எஞ்சியது சூத்திரம். அதிலும் மாற்றம் நேராமல் இல்லை. ஒய். வி. ரெட்டி தலைமையிலான பதினான்காவது நிதிக்குழு, 2011 மக்கள்தொகைக்கு 90, பரப்பளவுக்கு 10 என்று மாநிலப் பங்கைக் கணித்து, அதை அந்தந்த மாநிலத்தின் ஊரக, நகர மக்கள்தொகை விகிதப்படியே பிரித்தது. கர்நாடகத்தில் நகர மக்கள் 38.7 விழுக்காடு என்பதால் பழைய எண்பதுக்கு இருபது அங்கே முற்றாக உடைந்தது. 2,87,436 கோடியில் 87,144 கோடி நகராட்சிகளுக்குச் சென்றது. மாநில நிதி ஆணையங்கள் முன்னைவிட ஒழுங்காக இயங்கியதால் இம்மாற்றம் வரவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். குஸ்ரோ குழுவின் காரணகாரிய விளக்கம் இங்கும் உதவவில்லை.

என். கே. சிங் தலைமையிலான பதினைந்தாவது குழு, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகர்த்திரள்களுக்கு 38,196 கோடியில் தனி நிதியம் வைத்தது. 2011 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் அதற்குத் தகுதி பெற்றது பெங்களூரு ஒன்றே. இதில் மூன்றில் ஒரு பங்கு காற்றின் தூய்மைக்கும், இரு பங்கு குடிநீர், துப்புரவு, திடக்கழிவு ஆகியவற்றுக்கும் உரியது. முழுத்தொகையும் செயல்பாட்டை அளந்தே தரப்படும் என்று அது வகுத்தது. ஆனால் பெங்களூருவில் குடிநீரும் கழிவுநீரும் 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசின் குடிநீர் வாரியத்தின் பொறுப்பில் உள்ளவை. அந்த அளவுகோல்களில் நகரின் தேர்ச்சி மாநகராட்சியின் உழைப்பால் மட்டும் முடிவாவதில்லை. சொத்து வரிக்கு அடிமட்ட விகிதத்தை அறிவித்து, மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக வசூலையும் உயர்த்த வேண்டும் என்பது நகர மானியங்களுக்கு அக்குழு விதித்த மற்றொரு நிபந்தனை. தானே வளரும் வரியை இழந்த நகரிடம், தானே வளராத வரியை வளர்க்கக் கேட்டது இது.

தலைக்கணக்கின் அடிப்படையோ பதினைந்தாவது குழுவிலும் 2011 கணக்கெடுப்பே. அக்கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் 84.43 லட்சம் பேர். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் தேர்தல் நடத்தப்படாத நிலையிலேயே, 2024-ஆம் ஆண்டுப் பெருநகர ஆளுகைச் சட்டத்தின்கீழ் அந்த மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. ஐந்து மாநகராட்சிகளுக்கிடையே பங்கை வகுக்க வேண்டியது, 280(3)(சி) யாருடைய பரிந்துரைகளை அடிப்படையாகக் கொள்ளச் சொல்கிறதோ அந்த மாநில நிதி ஆணையமே.