நிற்காத பெடல்

மேம்பாலத்தில் மூச்சு வாங்க ஏறி உச்சிக்கு வந்ததும் சைக்கிள்காரர் என்ன செய்வார்? மிதிப்பதை நிறுத்திவிட்டு, 'கிர்ர்ர்' என்ற சத்தத்தோடு ஜாலியாக இறங்குவார். அந்த 'கிர்ர்'தான் ஃப்ரீவீல்! பின்சக்கரத்தின் பல்சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன நாக்குகள், ஸ்பிரிங் பலத்தில் பற்களின் மேல் தட்டிக்கொண்டே ஓடுகிற சத்தம் அது. மிதித்தால் பற்றிக்கொள்ளும், நிறுத்தினால் விட்டுவிடும். அவ்வளவுதான் சமாசாரம்.

இந்த நாக்கு இல்லாத சைக்கிளை ஓட்டியிருக்கிறீர்களா? அதில் சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றும். நீங்கள் சும்மா இருக்க நினைத்தாலும் அது உங்கள் காலை இழுத்துக்கொண்டு சுற்றும்! ஆதிகாலத்து சைக்கிள்கள் எல்லாமே இப்படித்தான். 1860-களில் பாரிஸில் பியர் மிஷோ விற்ற வண்டிகளில் பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. அடுத்து வந்த, முன்சக்கரம் மட்டும் பூதாகரமாக இருந்த வண்டியிலும் அதே கதை. இறக்கத்தில் தைரியசாலிகள் இரண்டு கால்களையும் தூக்கி ஹேண்டில்பாருக்கு மேல் போட்டுக்கொள்வார்கள்! 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர் செயின் வைத்த 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்றைய சைக்கிளுக்குத் தாத்தா அதுதான். அதிலும் காலுக்கு ஓய்வில்லை. ஃப்ரீவீல் பரவலாக வந்தது 1900-ஐ ஒட்டித்தான்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த ஒரு கூத்தைக் கேளுங்கள்.

1896 டிசம்பர். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். கூரைக்குக் கீழே மரப்பலகையால் ஆன ஓடுதளம். போட்டியின் விதி ரொம்ப சிம்பிள் - ஆறு நாட்களில் யார் அதிக தூரம் ஓட்டுகிறாரோ அவருக்குப் பரிசு. ஏன் ஆறு நாள்? ஏழாவது நாள் ஞாயிறு, சர்ச்சுக்குப் போகிற நாள், அன்று விளையாட்டு கூடாது! நடுவில் தூங்கலாமா? தாராளமாக! ஆனால், நீங்கள் தூங்குகிற நேரத்தில் பக்கத்து ஆசாமி ஓட்டிக்கொண்டிருப்பானே... ஆகவே யாரும் சரியாகத் தூங்கவில்லை.

ஓட்டியவர்களில் ஒரு கறுப்பின இளைஞனும் இருந்தான். பெயர் மேஜர் டெய்லர். வயது 18. இரவும் பகலும் வட்டமடித்து வட்டமடித்து, கடைசியில் அவனுக்கு மனம் குழம்பிவிட்டது. 'கையில் கத்தியோடு ஒருவன் என்னைத் துரத்துகிறான், இனி ஓட்ட மாட்டேன்' என்று சொல்லிவிட்டான். கத்தியும் இல்லை, ஆளும் இல்லை. தூக்கமில்லாத மூளை காட்டிய படம் அது! அப்படியும் அவன் ஓட்டி முடித்திருந்த தூரம் 1,732 மைல். அதாவது சுமார் 2,787 கிலோமீட்டர். எட்டாவது இடம்தான் கிடைத்தது. ஜெயித்த டெடி ஹேல் 1,910 மைல் ஓட்டியிருந்தார்.

இது விளையாட்டா, சித்திரவதையா என்று பத்திரிகைகள் பொரிந்து தள்ளின. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நியூயார்க்கில் சட்டம் வந்தது - ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. போட்டி நடத்துபவர்கள் லேசுப்பட்டவர்களா? 24-ஐ இரண்டால் வகுத்தார்கள். ஒரு அணிக்கு இரண்டு பேர், ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டட்டும் என்றார்கள். அரங்கத்தில் கலெக்‌ஷன் நிற்கவில்லை! 2000-ல் சிட்னி ஒலிம்பிக்ஸில் நுழைந்த 'மேடிசன்' என்ற சைக்கிள் பந்தயத்துக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான்.

சரி, ஃப்ரீவீல் வந்த பிறகு எல்லோரும் அப்பாடா என்று காலை நீட்டிவிட்டார்களா? அதுதான் இல்லை. 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை 1903-ல் தொடங்கிய ஹென்றி தெக்ராஞ்சுக்கு, காலுக்கு வசதி செய்து தருகிற எதுவுமே ஆகாது. கியர் மாற்றும் சைக்கிளெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு என்று கிண்டலாக எழுதியவர் அவர். அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937-ல்தான் அந்தப் பந்தயத்தில் நவீன கியருக்கு அனுமதி கிடைத்தது. அதுவரை மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள், பாவம்!

தெக்ராஞ் வெறும் வாய்ச்சொல் வீரரும் அல்ல. 1893-ல் பாரிஸில் ஒரு மணி நேரத்தில் 35.325 கி.மீ. ஓட்டி, 'ஒரு மணி நேர சாதனை' பட்டியலைத் தொடங்கிவைத்தவரே அவர்தான். இந்தச் சாதனைக்கான சைக்கிளில் இன்றும் ஃப்ரீவீல் கிடையாது. 1972 அக்டோபர் 25 அன்று பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ், காற்று மெலிந்த மெக்ஸிகோ நகரத்துக்குப் போய் 49.431 கி.மீ. ஓட்டினார். கணக்குப் போட்டுப் பார்த்தால், பெடல் ஏறக்குறைய 6,200 முறை சுற்றியிருக்கும். அதில் ஒரு சுற்றுகூட ஓசி இல்லை! டூர் டி பிரான்ஸை ஐந்து முறை வென்ற அந்த மனிதர், இந்தச் சாதனையை மறுபடி தொட்டுப்பார்க்கவே இல்லை. 2022-ல் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா 56.792 கி.மீ. ஓட்டிக் காட்டினார்.

சாதனை கிடக்கட்டும், சாதாரணப் பயிற்சிக்கு இது எதற்கு? 'மூணு மணி நேரம் ஓட்டினேன்' என்று ஒருவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். சிக்னல், திருப்பம், இறக்கம், முன்னால் போகிறவரின் காற்று மறைவு என்று நடுவில் கால் எத்தனையோ முறை சும்மா இருந்திருக்கும். பிரிட்டிஷ் சைக்கிள் கிளப்காரர்கள் குளிர்காலத்தில் ஃப்ரீவீல் இல்லாத சைக்கிளை எடுத்ததன் ரகசியம் இதுதான். ஏற்றத்தில் பலம் வரும். இறக்கத்தில் சக்கரம் இழுக்கிற வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கால் சுற்றியே ஆக வேண்டும் என்பதால், மிதிப்பது வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போகும். உடனே கிளம்பிவிடாதீர்கள்! அங்கே இந்த சைக்கிளுக்கும் முன்பிரேக் கட்டாயம், சட்டமே இருக்கிறது.

வீட்டுக்குள் ஸ்டாண்டில் மாட்டி மிதிக்கும் 'டிரெய்னர்' இதற்குத் தம்பி. ஃப்ரீவீல் இருந்தாலும் பிரயோஜனமில்லை, கால் நின்றால் சக்கரமும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். சிக்னலும் இல்லை, இறக்கமும் இல்லை. அதனால்தான் ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரம் போலத் தோன்றுகிறது. கொரோனா வந்த 2020-ல் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது, அந்த டிசம்பரில் இதற்கு உலக சாம்பியன்ஷிப்பே நடத்திவிட்டார்கள். நீங்கள் முயற்சி செய்வதாக இருந்தால் ஒரு ஃபேன் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது சீட்டிலிருந்து எழுந்து மிதியுங்கள். போதும் என்று உடம்பு சொன்னால் நிறுத்திவிடுங்கள்.

மேஜர் டெய்லர் நிறுத்தினார். ஆறு நாள் வட்டமடிப்பதை விட்டுவிட்டுக் குறைந்த தூரப் போட்டிகளுக்குப் போனார். நிறவெறியர்களின் வசவையும் இடியையும் தாங்கிக்கொண்டு, 1899-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் உலக சாம்பியன் ஆனார். 1,732 மைல் ஓட்டி எட்டாவதாக வந்தவர், உலகத்தை ஜெயித்த பந்தயத்தின் தூரம் எவ்வளவு தெரியுமா?

ஒரே ஒரு மைல்!