ஹெரால்டின் அடிச்சட்டம்

சிதம்பரம் தேர் வீதிகளிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ பூர்வீக வீடு உள்ள உங்களில் சிலரிடம், தார்ப்பாய்க்கு அடியில் இன்னும் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நின்றுகொண்டிருக்கலாம். பழைய இரும்புக்குப் போடலாமா, சரிசெய்து ஓட்டலாமா என்ற பேச்சு வீட்டில் வரும்போது பெயின்ட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குனிந்து சேஸைப் பாருங்கள். வண்டியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

1950களில் பெரும்பாலான கார் கம்பெனிகள் தனி சேஸைக் கைவிட்டு, உடலே எடையைத் தாங்கும் முறைக்கு மாறின. நம் அம்பாசிடரும் ஃபியட்டும் அப்படிப்பட்டவை. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப் மட்டும் 1959-இல் ஹெரால்டைத் தனி சேஸோடு வெளியிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. அவர்களுக்கு உடல் தகடுகளைச் செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. எனவே பல இடங்களில் செய்த துண்டுகளை போல்ட் போட்டுச் சேர்த்து, ஒரு சேஸின் மேல் உட்காரவைத்தார்கள். உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலாட்டி.

அந்த ஏற்பாடு நம் ஊருக்கும் பொருந்தியது. சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் ஹெரால்டை இங்கே தயாரித்தது. நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. 1970களின் தொடக்கத்தில் அதன் இடத்துக்கு கெஸல் வந்தது.

இந்த சேஸில் நடுவே இரண்டு நீளச் சட்டங்கள் ஓடும். அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைகள்போல் குறுக்குச் சட்டங்கள் நீண்டு உடலைத் தாங்கும். எல்லாம் உள்ளே வெற்றிடமுள்ள தகட்டுப் பெட்டிகள். அதனால் துரு உள்ளிருந்து தின்னும். வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும். கடலூரின் உப்புக்காற்றைச் சொல்லவே வேண்டாம். 2011 தானே புயல், 2015 வெள்ளம் போன்ற நாட்களில் தண்ணீரில் நின்ற வண்டியாக இருந்தால், பக்கச் சட்டங்களையும் பின்பக்கத்தையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ தகடு உள்ளே அமுங்கினாலோ அங்கே இரும்பு தேய்ந்திருக்கிறது.

டிங்கரிங் ஷெட்டில் உங்களிடம், "மேலே ஒரு கனமான பிளேட் அடிச்சிடலாம் சார்" என்று சொல்லக்கூடும். ஒத்துக்கொள்ளாதீர்கள். துருவின் மேல் தகடு வைத்தால் துரு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். அளவுக்கு மீறிக் கனமான தகடு வைத்தால், அது முடியும் இடத்தில் அழுத்தம் குவிந்து அதன் ஓரத்திலேயே விரிசல் விடும். சேஸ் சாலையில் சற்று முறுக்கிக்கொடுக்க வேண்டிய பொருள். துருவை முழுதும் வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டை வைப்பதே முறை. கூடுதல் பலம் தேவையான இடத்தில் தகட்டின் முனைகளைச் சரிவாக வெட்டிப் பற்றவைக்க வேண்டும். கம்பெனியே 1962-இல் ஆறு சிலிண்டர் வைட்டெஸ் காருக்காக இந்த சேஸைப் பலப்படுத்தியது. ஆனால் அது எஞ்சினின் எடையையும் வேகத்தையும் கணக்கிட்டுச் செய்தது.

வேலைக்கு முன் கதவு இடைவெளிகளில் கம்பி வைத்து முட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உடல் தொய்ந்து கதவு மூடாது. மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவுகளும் சமமா என்று பாருங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து வெல்டிங் செய்தால் சூட்டில் சட்டம் வளையும். பக்கம் மாற்றி மாற்றிப் புள்ளி வைக்க வேண்டும். தண்ணீர் வடியும் துளைகளை அடைக்கக் கூடாது. கடைசியாகப் பெட்டிகளின் உள்ளே துருத்தடுப்பு மெழுகு பீய்ச்ச வேண்டும்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வாகனத்தை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, அது 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாம், அன்றாடப் போக்குவரத்துக்கு அல்ல. முக்கிய நிபந்தனை, சேஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதுதான். ஜீப் சேஸின் மேல் ஹெரால்டு உடலை ஏற்றினால் அந்த வழி அடைபடும். எனவே வெட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள், சேஸ் எண் உள்ள பகுதியைத் தொடவே விடாதீர்கள்.

நன்றாகச் செய்த சேஸ் வேலை வண்டி தரையில் நின்றபின் யார் கண்ணிலும் படாது. பெயின்ட்டைப் பிறகும் அடித்துக்கொள்ளலாம். முதல் செலவு அடிச்சட்டத்துக்காகவே இருக்கட்டும்.